முடிவு பண்ணாக

தேனியில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்.டபிள்யூ. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். திராட்சைத் தோட்டங்களில் முடிவெடுப்பது யார் என்பது என் ஆய்வேட்டின் தலைப்பு. அனுமந்தன்பட்டிக்காரிக்கு வேறென்ன தலைப்பு தோன்றும்? பன்னீர் திராட்சைப் பந்தலுக்கு அடியில் தவழ்ந்து வளர்ந்தவள் நான். எனக்குத் தெரியாததா என்ற திமிர் நிறையவே இருந்தது.

சுற்றுவட்டாரத்தில் இருபது பெண்களைப் பார்த்துப் பேசினேன். கொடியைக் கவாத்து வெட்டுவது எப்போது, மருந்து அடிப்பது எப்போது, பழத்தை எந்த வியாபாரிக்குக் கொடுப்பது, இதையெல்லாம் முடிவு பண்ணியது யார் என்று கேட்டேன். அநேகமாக எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே பதிலைச் சொன்னார்கள்: “முடிவு பண்ணாக.”

ஆய்வேடு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ‘தே டிசைடெட்’ என்று மொழிபெயர்த்தேன். தே என்றால் பலர், பலர் என்றால் குடும்பம். ‘குடும்பமாகக் கூடி எடுத்த முடிவு’ என்ற கட்டத்தில் வரிசையாக டிக் போட்டுக்கொண்டே போனேன். எங்கள் பக்கம் ஆணும் பெண்ணும் கலந்து பேசித்தான் வெள்ளாமை செய்கிறார்கள் என்று முடிவுரையும் எழுதியாயிற்று. எழுதும்போது பெருமையாக வேறு இருந்தது.

ஆய்வேட்டைக் கொடுக்க மூன்று வாரம் இருந்தபோது என் கைடு மேடம் ஒரு வேலை சொன்னார். “ஏஐய எழுத விடாத. வைவாவுக்கு வர்ற எக்ஸாமினர் மாதிரி உன்னயக் கேள்வி கேக்கச் சொல்லு.” எனக்கு எரிச்சலாக இருந்தது. சோம்பேறிகள் அசைன்மென்ட் அடிக்க வைத்திருக்கும் சாமான் என்றுதான் அதுவரை அதை நினைத்திருந்தேன். சரி, மேடம் சொல்லிவிட்டாரே என்று, மத்தியானம் லைப்ரரியில் உட்கார்ந்து, பெண்கள் பேசிய தமிழையும் என் ஆங்கில அட்டவணையையும் அதில் போட்டேன்.

முதல் மூன்று கேள்விகளும் சப்பென்று இருந்தன. ஏன் இருபது பேர், ஏன் இந்த ஊர்கள் என்று கேட்டது. நானும் ராணி மாதிரி பதில் சொன்னேன். நான்காவதாக அது கேட்டது:

“‘பண்ணாக’ என்பதைப் பலர் செய்ததாகக் கணக்கிட்டிருக்கிறீர்கள். உங்கள் பகுதிப் பேச்சில் ஒரே ஒருவரை மரியாதையாகச் சொல்லவும் இந்த ‘ஆக’ வருமல்லவா? அப்படியென்றால் முடிவெடுத்தது குடும்பமா, கணவர் மட்டுமா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா வந்தாக, மாமா சொன்னாக என்று பேச்சு வந்த நாளிலிருந்து பேசுகிறவள் நான். அப்பா ஒரே ஆள்தானே. வாயில் சரியாக இருந்தது, ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்ததும் எப்படித் தப்பாகப் போயிற்று? அனுமந்தன்பட்டி, கோம்பைப் பக்கம் ஒரு நாளும் கால் வைத்திராத ஒன்று, எங்கள் வீட்டுப் பேச்சுக்குள் புகுந்து, நான் பார்க்காததைப் பார்த்துவிட்டது. அவமானமாக இருந்தது. அதைவிடப் பிரமிப்பாக இருந்தது. அந்தக் கேள்வியை எத்தனை தடவை வாசித்தேனோ தெரியாது.

யார் என்று நீயே சொல்லேன் என்று டைப் செய்தேன். “இந்தப் பதிவுகளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சொன்னவர்களிடம்தான் கேட்க வேண்டும்” என்று வந்தது. தெரியாததைத் தெரியாது என்று அது சொன்னவிதமும் எனக்கு உறைத்தது. நான் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை.

பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பட்டம் வாங்கியதும் சேரச் சொல்லி ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலையும் காத்திருந்தது. இருந்தாலும் மனசு கேட்காமல் மேடத்திடம் போய் நின்றேன். “இருபது பேரையும் மறுபடி பாக்கணும்னா அடுத்த செமஸ்டருக்குத்தான் போகும். யோசிச்சுக்க,” என்றார். அப்படியேதான் போனது. வேலையும் போனது. வீட்டில் ஒரு வாரம் யாரும் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை.

இருபது பேரில் முதலில் கோம்பையில் ஓர் அக்காவைப் பார்க்கப் போனேன். காலையிலேயே பந்தலுக்கடியில் நின்று குலை வெட்டிக்கொண்டிருந்தார்.

“யக்கா, அன்னைக்கு முடிவு பண்ணாகன்னு சொன்னீகளே, அது யாரு?”

“வேற யாரு? எங்க வீட்டுல அவுகதான்.”

கணவர். ஒரே ஆள். என் அட்டவணை அங்கேயே செத்தது. அந்தக் கட்டத்தை அடித்துவிட்டுக் ‘கணவர்’ என்று எழுதிக்கொண்டு, “அவுக எங்கக்கா?” என்று சும்மாதான் கேட்டேன்.

“மலைக்கு மேல, ஏலக்காத் தோட்டத்துல வேல. மாசத்துக்கு ஒருக்கா வருவாக.”

எழுதுவதை நிறுத்தினேன். “அப்ப கடைசியா மருந்தடிக்கச் சொன்னது?”

“நாந்தான்.”

“வியாபாரிய மாத்துனதாச் சொன்னீகளே, அது?”

“அதுவும் நாந்தான். பழையவன் எடையில ஏமாத்துனான்.”

“பெறகு ஏங்க்கா அவுக முடிவு பண்ணாகன்னு சொல்றீக?”

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார், இதுகூடத் தெரியாமல் என்ன படிப்பு என்பது போல. “பொம்பள முடிவுன்னா வியாபாரி மதிப்பானா? அவுக சொல்லிட்டாகன்னு சொன்னா வாயை மூடிக்கிட்டுக் குடுப்பான். அவுகளுக்கும் ஊருக்குள்ள ஒரு மரியாத வேணும்ல, ஆத்தா.”

பலரா, ஒருவரா என்றுதான் ஏஐயும் கேட்டது, நானும் கேட்டேன். இரண்டும் இல்லை. ‘ஆக’ என்ற அந்த இரண்டெழுத்துக்குள் தன்னை மறைத்துக்கொண்டு ஒரு தோட்டத்தையே நடத்தியிருக்கிறார். கண் கலங்கியதை அக்கா பார்த்துவிடக் கூடாதே என்று நோட்டைப் புரட்டினேன்.

“அப்ப நான் என்னன்னுக்கா எழுதட்டும்?”

வெட்டிய குலையைப் பெட்டியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“இங்கிலீசுலதான எழுதுற?”

“ஆமாக்கா.”

“அவுகளுக்கு இங்கிலீசு வாசிக்க வராது,” என்றார். “நாந்தான்னே எழுதிக்க.”