பிடியரிசி போகாத வெள்ளிக்கிழமைகள்

உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளித் தனியே வைப்பது எங்கள் நெசவுத் தெருவில் எல்லா வீட்டிலும் உண்டு. பிஸ்மி சொல்லி அள்ளி, அடுப்படி மூலையில் இருக்கும் மண்கலயத்தில் போட்டுவிட்டால் அப்புறம் அது நம்முடைய அரிசி இல்லை. விருந்தாள் வந்து சோறு பற்றாமல் போனாலும் அந்தக் கலயத்தைத் தொடக் கூடாது. ஒரு வாரம் சேர்ந்ததை வெள்ளிக்கிழமை ஆண்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போன பிறகு ஓலைக்கொட்டானில் கொட்டி, துணியால் மூடி, பின்பக்கத்து முடுக்கு வழியாகக் கொண்டுபோய் ஓர் ஏழைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டும். என்றைக்கோ ஒரு நாள் அள்ளிக் கொடுத்து ஊரைக் கூட்டுவதைவிட, கொஞ்சமானாலும் விடாமல் கொடுப்பதுதான் அல்லாஹ்வுக்குப் பிரியம் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். கல்யாணமாகி நான் அந்தத் தெருவுக்கு வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. முதல் வாரத்திலேயே கை பழகிவிட்டது. அதில் பெரிய பயபக்தி ஒன்றும் கிடையாது. உலைக்கு உப்புப் போடுவது போல அதுவும் ஒரு வேலை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் ஆள். எந்த வீட்டு அரிசி யாருக்குப் போகிறது என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள். ஒரு வீட்டு ஆளுக்கு அடுத்த வீட்டார் கொடுக்கப் போனால் அது அவர்களுடைய நன்மையில் கைவைப்பதாகும். உங்களுக்கு வக்கில்லையா என்று முகத்துக்கு நேரே கேட்பதாகும். அதனால் அடுத்த வீட்டு ஆளை யாரும் தொட மாட்டார்கள். கேட்பதற்கு நல்ல மரியாதையாகத்தான் இருக்கிறது. அதை நினைத்தால் இப்போது எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் வீட்டு ஆள் முடுக்குக் கடைசியில் ஓலைக்குடிசையில் இருந்தாள். தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தவள். புருஷன் மௌத்தாகிவிட்டான், பிள்ளை கிடையாது. கண்ணில் பூ விழுந்து நூல் தெரியாமல் போனதும் அந்த வேலையும் போயிற்று. உறவு ஒன்றும் இல்லாவிட்டாலும் நான் அவளைச் சின்னம்மா முறை வைத்துச் சாச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

அவளை எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் பொய். கொட்டானைக் கையில் கொடுத்ததும் துணியை விலக்கி, அரிசிக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பாள். "குறுணை கூடுதலா கெடக்கே மவளே. போன வாரம் நல்லா இருந்துச்சு" என்பாள். வாங்குகிறவளுக்கு வாயைப் பார் என்று எனக்கு ஆத்திரமாக வரும். வீட்டுக்கு வந்து என்னைக் கட்டிய மாப்பிள்ளையிடம் பொருமுவேன். அவர் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே சிரிப்பார். "சரக்கு பார்த்து வாங்குதா. ஏமாத்தலாம்னு பாத்தியாக்கும்?" என்பார். ஆனால் குறை சொல்லி முடித்ததும் சாச்சி இரண்டு கையையும் ஏந்தி, என் வீட்டில் உள்ளவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக துஆ செய்வாள். அவசரப்பட மாட்டாள். நான் வெயிலில் கால் மாற்றி மாற்றி நிற்பேன்.

இப்படிப் பத்து வருஷம் போயிற்று. பிள்ளை பெற்றுப் படுத்திருந்த நாட்களில்கூட யாரையாவது கொண்டு கொடுத்தனுப்பினேன். ஒரு வெள்ளிக்கிழமை தவறியதில்லை.

பிறகு சீமையில் சண்டை மூண்டது. எங்கோ கடலுக்கு அப்பால் நடக்கிற சண்டைக்கும் எங்கள் தறிக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்தோம். நூல் விலை ஏறியது, பிறகு நூலே வருவது நின்றது. வாரத்தில் ஆறு நாள் சத்தம் போட்ட தறி இரண்டு நாள் போட்டது. சண்டையின் கடைசி வருஷத்தில் மழையும் கைவிட்டது. நல்ல காலத்திலேயே ஆற்றங்கரை நெடுக நெல் விளையும், எங்கள் தெரு அதைக் காசு கொடுத்துத்தான் வாங்கித் தின்னும். இப்போது வாங்கவும் வழியில்லை. என் மாப்பிள்ளை காலையில் எழுந்து வழக்கம் போல வெறும் தறிக்குழியில் போய் உட்கார்ந்திருப்பார். நான் பார்க்காதது போல நடமாடுவேன்.

கேப்பைக் கூழுக்கு மாறினோம். இரண்டு நாளைக்கு ஒரு தடவை, நான்கு வயது மகளுக்காக மட்டும் கொஞ்சம் அரிசி வேகும். அரிசி போடாத உலைக்குப் பிடியரிசி ஏது என்று நானே எனக்கு ஒரு பத்வா கொடுத்துக்கொண்டேன். ஒரு பிடி கேப்பையை அள்ளிப் போட்டிருக்கலாம். சாச்சி என்ன அரண்மனைச் சாப்பாடா கேட்டாள்? ஆனால் பிடியரிசி என்றால் அரிசிதான், கேப்பையைக் கொண்டுபோனால் நம் நிலைமை வெளியே தெரிந்துவிடும் என்று இருந்தேன். வாரத்துக்கு மூன்று பிடி, நான்கு பிடி சேர்ந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது சாச்சி விரலை விட்டுத் தடவவில்லை. கொட்டானைத் தூக்கிப் பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்திருக்கும். குறுணை பற்றி ஒன்றும் சொல்லாமல் துஆ மட்டும் செய்தாள்.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. ஊரெல்லாம் பரவிய காய்ச்சல். ஒரு வீட்டில் காலையில் படுத்தவர் மறுநாள் எழுந்திருப்பது நிச்சயமில்லை. ஐந்தாம் நாள் அவள் கண் திறந்து, "உம்மா, சோத்துக் கஞ்சி" என்று கேட்டாள். அரிசிப் பானையில் ஒரு மணி இல்லை. அது ஒரு வியாழக்கிழமை. நான் அடுப்படி மூலைக்குப் போய்க் கலயத்தைக் கவிழ்த்தேன். அடுத்த வாரம் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டேன். மகள் கஞ்சியைக் குடித்தாள். பிழைத்தாள். அதற்காக நான் வருத்தப்படவில்லை, இன்றைக்கும் அப்படியொரு நிலைமை வந்தால் அதையேதான் செய்வேன்.

நான் வருத்தப்படுவது மறுநாள் செய்ததற்காக.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் அக்கா போலப் பழகும் அடுத்த வீட்டு லாத்தாவும் தன் கொட்டானோடு பின்வாசலுக்கு வருவாள். அவளுடைய தம்பி கொழும்பில் கடையில் இருந்து காசு அனுப்பிக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் அடுப்பு அணையவில்லை. நான் வெளியே வராவிட்டால் கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும். அதனால் வெறும் கொட்டானின் மேல் துணியைப் போட்டு மூடி, கனத்தைத் தாங்குகிறவள் போல இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். "போய்ட்டு வாரியா?" என்றாள். "போய்ட்டு வாரேன் லாத்தா" என்றேன்.

குடிசை வாசல் வரைக்கும் போய்விட்டேன். நடையை வைத்தே ஆளைச் சொல்லுகிறவள் சாச்சி. உள்ளேயிருந்து, "வந்துட்டியா மவளே? வா, பைய வா, வாசல்ல கல்லு பெயர்ந்து கெடக்கு" என்றாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்னொரு தடவை கூப்பிட்டாள். நான் காலைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வைத்துத் திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த வாரங்களில் கிடைத்த அரிசியும் மகளின் கஞ்சிக்கே போயிற்று, கலயத்தில் ஒன்றும் சேரவில்லை. அதற்குப் பிறகு குடிசை வரைக்கும் போகவில்லை. முடுக்கின் பாதியில் ஒரு கிணறு உண்டு. அதன் மறைவில் துஆ செய்து முடிக்கிற நேரம் நின்றுவிட்டுத் திரும்புவேன். முதல் வாரத்தையும் சேர்த்து இப்படி ஐந்து வெள்ளிக்கிழமை. லாத்தாவிடம் ஒரு வார்த்தை போதும். நீங்க கொஞ்ச நாளைக்கு அவளைப் பாத்துக்கிடுங்க என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே சோற்றோடு ஓடியிருப்பாள், அவ்வளவு நல்ல மனுஷி. அந்த ஒரு வார்த்தைக்கு என் நாக்கு வளையவில்லை. ஸதகாவை மறைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுக்காததை மறைக்க அந்த மறைவு எனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று. தினமும் தொழுதேன், தொழுகையில் அழுதேன். அழுதால் யாருக்கு வயிறு நிறையும்?

ஆறாவது வெள்ளிக்கிழமை வருவதற்கு முன்னால், புதன்கிழமை காலையில், சாச்சி இறந்து கிடக்கிறாள் என்று தெருவில் சொன்னார்கள். காய்ச்சல் என்றார்கள். அந்த மாதம் யார் இறந்தாலும் காய்ச்சல்தான், அதற்கு மேல் யாரும் விசாரிப்பதில்லை. பெண்கள் எல்லாரும் போனோம். குடிசையில் அடுப்பு பெருக்கித் துடைத்தது போல இருந்தது. சாம்பல்கூட இல்லை. கஞ்சிச்சட்டியைக் கழுவி மூலையில் கவிழ்த்து வைத்திருந்தாள். நான் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மையித்தைக் குளிப்பாட்டத் தூக்கியபோது ஒரு பெண், "என்ன இது, கையில எடையே இல்லியே" என்றாள். லாத்தா சேலையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "போன வெள்ளிக்கெழம சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பொறவு நான் இந்தப் பக்கமா வந்தேன். சொவத்தப் பிடிச்சிக்கிட்டு நின்னா. எளச்சிட்டியே, அரிசி வருதான்னு கேட்டேன். வருது, எம் மவ ஒரு வாரம்கூட விடல, வயிறு நெறஞ்சிருக்குன்னு சொன்னா." சொல்லிவிட்டு என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். சுற்றி நின்றவர்களும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

அப்போது சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் சொல்லியிருக்கலாம். தறி மறுபடி ஓடியது, கலயத்தில் அரிசி விழுந்தது, வேறொருத்திக்குக் கொண்டுபோனேன். இந்தக் காகிதத்தில்தான் முதல் தடவையாகச் சொல்லுகிறேன். விடாமல் கொடுக்கிற கை என்று தெருவில் எனக்குப் பேர். அல்லாஹ் தனக்குச் செய்த குற்றத்தைத் தானே மன்னித்துவிடுவான். மனுஷருக்குச் செய்த குற்றத்தை அந்த மனுஷர்தான் மன்னித்துப் பொருந்திக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் மார்க்கம். அதனால் எனக்கு எந்தப் பக்கமும் வழியில்லை.

கபன் துணியைச் சுற்றி முடித்ததும், வயதில் மூத்த பெண் ஒருத்தி எங்களைப் பார்த்து வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள்: "இவ உங்க யாருக்காவது ஏதாவது கொற வச்சிருந்தா, இவளப் பொருந்திக்கிடுங்க." இறந்தவளுக்காக உயிரோடு இருப்பவர்களிடம்தான் கேட்பார்கள். உயிரோடு இருப்பவளுக்காக அவளிடம் கேட்க ஒரு முறை கிடையாது. பெண்கள் எல்லாரும் ஒரே குரலாகப் பொருந்திக்கிட்டோம் என்றார்கள். லாத்தா என் கையைப் பிடித்து அமுக்கினாள். "நீயும் சொல்லு" என்றாள். பொருந்திக்கிட்டேன் என்று நானும் சொன்னேன்.