புதுப் பிளேடில் எப்படித் துரு?

ரம்பப் பிளேடு விற்கிற தொழிலில் வாங்குகிறவர் விற்கிறவரை நம்புவதில்லை, விற்கிறவர் வாங்குகிறவரை நம்புவதில்லை, முதலாளி இரண்டு பேரையும் நம்புவதில்லை. எந்தக் கடையிலாவது கவுண்டருக்கு உள்பக்கம் நின்று, "இது ஒரிஜினல்தானா?" என்ற கேள்வியை வாங்கிக் கட்டிக்கொண்டவரா நீங்கள்? அப்படியென்றால் நாம் ஒரே கட்சி. மேலே படியுங்கள்.

நான் நிற்பது மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தாயில் ஒரு ஹார்ட்வேர் கடையில். அதற்கு முன்பு ரவாங்கில் மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் பலகை அறுக்கிற பிரிவில் இருந்தேன். அதை மூடியதும், கடை முதலாளி குணா அண்ணன் வட்ட ரம்பப் பிளேடுகள் தொங்கும் சுவரை என் பொறுப்பில் விட்டார். கூடவே ஓர் எச்சரிக்கையும் விட்டார். பிளேடு சரியில்லை என்று ஆட்கள் திரும்பி வந்துகொண்டே இருந்தால், தன் மச்சானைச் சுவர்ப் பக்கம் நிறுத்திவிட்டு என்னைச் சிமெண்டு ஸ்டோருக்கு அனுப்பிவிடுவாராம். எனக்கு இழுப்பு உண்டு. சிமெண்டுத் தூசியில் ஒரு வாரம் தாங்க மாட்டேன். அங்கே அனுப்புவதும் வேலையை விட்டு அனுப்புவதும் என் விஷயத்தில் ஒன்றுதான், அது அவருக்கும் தெரியும்.

பல் எண்ணியவர்

புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து வந்த ஒரு பெரியவர் சமையலறை அலமாரி செய்யப் போவதாகச் சொன்னார். மேலே வழவழவென்று தாள் ஒட்டிய பிளைவூட்டாம். கையில் எடுத்ததோ, இருக்கிறதிலேயே பல் குறைந்த பிளேடு. அது மரத்தை நீளவாக்கில் வேகமாகக் கிழிக்கத்தான் லாயக்கு, பிளைவூட்டில் போட்டால் ஓரமெல்லாம் சிலாம்பு கிளம்பும், பல் நெருக்கமான அறுபது பல் பிளேடுதான் சுத்தமாக வெட்டும் என்று பொறுமையாகச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். விலை கூடியதைத் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்று அவர் நினைப்பது முகத்திலேயே தெரிந்தது.

அறுபது என்று பிளேடிலேயே அச்சடித்திருந்தது. அதையும் அவர் நம்பவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வட்டத்தில் எங்கே தொடங்கினோம் என்று ஓர் அடையாளமும் வைக்காமல், பல் பல்லாகத் தொட்டு எண்ண ஆரம்பித்தார். நடுவில் போன் வந்தது. பேசி முடித்து, விட்ட இடத்திலிருந்து எண்ணினார். அதாவது, விட்ட இடம் என்று அவர் நினைத்த இடத்திலிருந்து. பின்னால் ஆட்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குணா அண்ணன் காதிலும் விழட்டும் என்று சத்தமாகக் கேட்டார்: "அம்பத்தெட்டுதான் இருக்கு. மீதி ரெண்டு பல்லு எங்கம்மா?"

புகை

ரவாங்கில் சூப்பர்வைசராக இருக்கும் ஒரு தம்பி கரிந்துபோன பலகைத் துண்டோடு கடைக்குள் வந்தான். ரப்பர் மரப் பலகை, வெட்டிய ஓரம் முழுக்கக் கருப்பு. "டுப்ளிகேட் லா அக்கா இது. வெட்டவே மாட்டுது, புகைதான் வருது," என்றான். குணா அண்ணன் கல்லாவிலிருந்து தலையைத் தூக்கினார். அவர் தலையைத் தூக்கினால் எனக்குச் சிமெண்டு வாடை அடிக்கும்.

ரம்பம் எங்கே என்று கேட்டேன். நல்ல காலம், காரிலேயே இருந்தது. பார்த்தால், பிளேடைத் திருப்பி மாட்டியிருக்கிறான். எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று பிளேடில் ஓர் அம்புக்குறி போட்டிருக்கும். அது மெஷினில் இருக்கிற அம்புக்குறியோடு ஒத்துப்போக வேண்டும். இவனுடையதில் இரண்டும் எதிரும் புதிருமாக இருந்தன. பல்லின் முதுகால் மரத்தைத் தேய்த்தால் புகை வராமல் பன்னீரா வரும்? கழற்றித் திருப்பி மாட்டி, கடை வாசலிலேயே வெட்டிக் காட்டினேன், வெண்ணெயாக இறங்கியது. தம்பி வெட்டிய ஓரத்தைத் தடவிப் பார்த்தான். தோல்வியை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. "யூடியூப்ல வெட்டுனான் பாருங்க, அவன் லெஃப்ட் ஹேண்டர் போல லா அக்கா, அதான் மாறிப்போச்சு."

இல்லை என்று சொன்னதற்கு

இரும்பு அறுக்கிற கையடக்கக் கிரைண்டரில் மாட்டி மரம் வெட்ட, பல் வைத்த பிளேடு வேண்டும் என்று ஒருவர் வந்தார். நான் விற்க மாட்டேன். கிரைண்டர் சுற்றுகிற வேகமே வேறு. மரத்தில் பல் சிக்கினால் கையை விட்டுத் துள்ளி முகத்துக்கு வரும். தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்தவள் ஒருத்திக்கு அப்படித் தாடை கிழிந்ததை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் சொன்னேன். அவர் என் தலைக்கு மேலே எட்டிச் சுவரையே துழாவிக்கொண்டிருந்தார். சொன்னதில் ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை என்று அவர் வாயைத் திறந்ததும்தான் தெரிந்தது. "எந்தச் சொந்தக்காரனுக்கு எடுத்து ஒளிச்சி வச்சிருக்கே, அத மொதல்ல சொல்லு."

நல்ல முகம்

ஒரு புருஷன் பெஞ்சாதி. மகளுக்குப் படிக்கிற மேசை செய்கிறார்கள். பிளேடும் சரி, மாட்டியதும் சரி, ஆனால் பலகையின் மேற்பக்கம் மட்டும் எலி கடித்த மாதிரி பிய்ந்திருக்கிறது. அந்த அம்மாவுக்குப் பிளேடு மேல் சந்தேகமில்லை, புருஷன் மேல்தான். வேலையிலிருந்து தப்பிக்க வேண்டுமென்றே கெடுத்துவிட்டாராம்.

கையில் பிடித்து ஓட்டுகிற ரம்பத்தின் பல் கீழேயிருந்து மேலே ஏறி வெட்டும், அதனால் மேற்பக்கம்தான் பிய்யும், பலகையின் நல்ல முகத்தைக் கீழே பார்க்க வைத்து வெட்ட வேண்டும், வெட்டுகிற கோட்டின் மேல் டேப் ஒட்டிக்கொண்டால் இன்னும் நல்லது என்று விளக்கினேன். புருஷன் முகத்தில் விடுதலை தெரிந்தது. அந்த அம்மா மட்டும் விடுவதாக இல்லை. என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. "அவருக்குத் தெரியாம இல்லக்கா. எல்லாம் தெரிஞ்ச ஆளு. நீங்க சப்போர்ட் பண்ணாதீங்க."

துரு

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். சேகர் விஷயம் அப்படியில்லை. அதில் என் வேலை கிட்டத்தட்டப் போய்விட்டது.

சேகர் செம்பனை எண்ணெய் லோரி ஓட்டுகிறவர். அசாம் ஜாவாவில் தாமான் குடியிருப்பில் வீடு வாங்கி, பால் காய்ச்ச நாள் குறித்திருந்தார். சாமி மேடையைத் தன் கையாலேயே செய்ய ஆசை. தேக்கு ஒட்டிய பிளைவூட்டுக்கு அறுபது பல் பிளேடு கொடுத்தேன். இரண்டாம் நாள் திரும்பி வந்தார். துண்டுப் பலகையில் வெட்டிப் பார்த்தாராம். வெட்டு அலையலையாக ஓடுகிறது, ஓரமெல்லாம் சிலாம்பு. "பிளேடு வளைஞ்சிருக்கு," என்றார். கவுண்டர் கண்ணாடியில் படுக்க வைத்தேன், ஒட்டினாற்போல் படுத்தது. வளைவே இல்லை. ஆனால் நடு ஓட்டையைச் சுற்றிச் செம்பழுப்பாக ஒரு கறை. குணா அண்ணன் அதை விரலால் தடவிப் பார்த்தார். "புது பிளேட்ல எப்படி துரு?" கேட்டது சேகரை அல்ல, என்னை. பழைய பிளேடைப் பாக்கெட்டில் போட்டு விற்கிறேன் என்று அர்த்தம். நானோ, சேகர் தன் வீட்டுப் பழைய பிளேடைக் கொண்டுவந்து தள்ளுகிறார் என்று நினைத்தேன். எங்கள் இரண்டு பேரையும் திருடர்கள் என்று சேகர் நினைத்தார்.

வேறு ஒன்று கொடுத்தோம். அதுவும் அதே இடத்தில் அதே கறையோடு திரும்பி வந்தது. அன்று சாயங்காலம் குணா அண்ணன் என் முகத்தைப் பார்க்காமலே, "திங்கக்கிழமை மச்சான் வர்றான்," என்றார். செய்யாத திருட்டுக்குச் சிமெண்டு மூட்டையா? ஞாயிற்றுக்கிழமை சேகர் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிடுகிறேன் என்றேன். "நீயும் அவனும் கூட்டு இல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று அவரும் கிளம்பினார். புதுப் பிளேடு ஒன்றை என் கையில் கொடுக்காமல், தன் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு காரை ஓட்டினார்.

எங்கள் கண் முன்னாலேயே சேகர் பாக்கெட்டைப் பிரித்தார். மினுமினுவென்று இருந்தது, ஒரு புள்ளி துரு இல்லை. மாட்டப் போன நேரம், அவர் மனைவி தேவி உள்ளேயிருந்து ஒரு கிண்ணத்தோடு ஓடி வந்தாள். "இருங்க, இன்னும் பொட்டு வைக்கல!" ஓட்டையைச் சுற்றிச் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தாள். திருப்பிப் போட்டு அந்தப் பக்கமும் வைத்தாள். "பல்லுல வச்சா மொக்கையாயிடும் இல்ல? அதான் பத்தரமா நடுவுல வைக்கிறேன்," என்றாள் பெருமையாக.

குற்றம் சொல்ல நான் யார்? புது மிக்சி வந்தாலும் ஸ்கூட்டர் வந்தாலும் எங்கள் வீட்டிலும் இதேதான் நடக்கும். ஆனால் பிளேடை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கிற இரும்புத் தட்டு உட்காருகிற இடம் அந்த நடுதான். இடையில் சந்தனம் காய்ந்து கட்டியானால் பிளேடு நேராக உட்காராது. மெஷினைப் போட்டதும் பல்லெல்லாம் தள்ளாடும், வெட்டு அலையலையாகத்தான் வரும். கழற்றும்போது கட்டி தட்டிலேயே ஒட்டிக்கொள்ள, பிளேடில் நசுங்கிப் பரவிய குங்குமத்தைத்தான் நாங்கள் மூன்று பேரும் துரு என்று நினைத்து ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தோம். பொட்டு வைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்த சேகருக்கே அது உறைக்கவில்லை. சொன்னதும் தேவியின் முகம் மாறியது. "சாமி பொட்டாலதான் கெட்டுப்போச்சுன்னு சொல்றீங்களா?"

"பொட்டால இல்ல தங்கச்சி, வச்ச எடத்தால," என்றேன். பிளேடைக் குழாயில் கழுவித் துடைத்து, இரும்புத் தட்டுகளில் காய்ந்து கிடந்த பழைய சந்தனத்தையும் சுரண்டி எடுத்தேன். மெஷின் கைப்பிடியில் தேவியே புதுசாகப் பொட்டு வைத்தாள். சேகர் துண்டுப் பலகையின் நல்ல முகத்தைக் கீழே வைத்து வெட்டினார். ஓரத்தில் விரலை ஓட்டினேன், ஒரு சிலாம்பு இல்லை. தேவி தடவினாள். குணா அண்ணன் நம்பாமல் திரும்பத் திரும்பத் தடவினார். நான் அந்தத் துண்டுப் பலகையை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். பழி தீர்ந்துவிட்ட சந்தோஷமா, இத்தனை நாள் திருடி என்று பார்த்தார்களே என்ற கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது, தப்பாக நினைத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். செம்பனைத் தோட்டங்கள்தான் வந்துகொண்டிருந்தன, வார்த்தை வரவில்லை. பொறுக்க முடியாமல் நானே, "திங்கக்கிழமை மச்சான் வர்றாரா அண்ணே?" என்று கேட்டேன். அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: "வரட்டும் லா, சிமெண்டு ஸ்டோருக்கு ஆள் வேணும். ஆனா அந்த ரெண்டு பிளேடையும் கழுவி எங்கிட்ட காட்டிட்டுத்தான் நீ செவத்துப் பக்கம் போற."

இப்போதெல்லாம் யாராவது வந்து சுத்தமாக வெட்டுகிற பிளேடு கேட்டால், என்ன மரம், என்ன மெஷின் என்று விசாரிப்பதோடு, வீட்டில் யாருக்குச் சாமி பக்தி அதிகம் என்றும் ஒரு கேள்வி போட்டுவிட்டுத்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.