இரண்டு வருடம் தாமதமாக வந்த பெண் குழந்தை

எங்கள் தமிழ்ச் சங்கத்து மெயில் குழுவுக்கு அட்மின் நான்தான். இன்று காலை சால்ட் லேக் பஸ்ஸில் நின்றபடியே, சர்வர் குழுவுக்கு அனுப்பாமல் நிறுத்தி வைத்திருந்த பழைய மெயில்களை அழிக்கப் போய், அந்தப் பட்டியலில் ஒரு பக்கம் முழுவதையும் எல்லோருக்கும் அனுப்பித் தொலைத்தேன்.

அதில் டாக்குரியாவில் இருக்கும் கோமதி அக்காவின் மெயிலும் ஒன்று. "எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது!" கூட இணைத்திருந்த படம் பெரிது என்று இரண்டு வருடமாக மாட்டிக்கிடந்திருக்கிறது.

வாழ்த்துகள் கொட்டின. பின்னாலேயே அக்காவின் போன். பயந்துகொண்டே எடுத்தேன்.

"அடப்பாவி, அதனாலதான் ஒருத்தரும் விசாரிக்கலையா? எல்லார் மேலயும் கோவமா இருந்தேன்டா!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். "அவ இப்ப வீடெல்லாம் ஓடறா. ஞாயித்துக்கிழமை எல்லாரும் பாயசம் சாப்பிட வாங்க."

அந்தப் பட்டியலில் இன்னும் நான்கு பக்கம் பாக்கி இருக்கிறது. காரணம் சொல்லாமல் உங்களோடு பேச்சை நிறுத்தியவர்கள் சங்கத்தில் இருந்தால் பெயரைச் சொல்லுங்கள், தேடிப் பார்க்கிறேன்.