சாந்தாமணியின் பட்டியலில் ஒரு காலி இடம்

வெண்ணந்தூரிலிருந்து சாந்தாமணியின் கணவர் போன் செய்தார். "சாந்தாமணி நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க" என்றார். "நீங்க யார் பேசறீங்க?" என்று இரண்டு முறை கேட்டேன். நான் அவ்வளவு சந்தேகப் பிராணி என்பது அலுவலகத்தில் கூட இருந்த உங்களுக்குத் தெரியும்.

சந்தேகத்தில் சாந்தாமணி என்னையும் மிஞ்சியவர். சங்ககிரி லாரிகளுக்கு லோடு பதியும் நம் மென்பொருளுக்காக, யார் யாரோ எழுதி இணையத்தில் வைத்த நிரல் துண்டுகளை, அதாவது பேக்கேஜ்களை, சேர்ப்போம். ஒன்றைக் கேட்டால் அது பத்தை இழுத்துக்கொண்டு வரும். அவர் எல்லாவற்றையும் திறந்து பார்ப்பார். "ஊட்டுக்குள்ள வாரவங்கள யாருன்னு கேக்க மாட்டீங்களா?" என்பார். அவர் வைத்திருந்த பட்டியலில் பேக்கேஜின் பெயர், பதிப்பு எண், அதைத் திறந்து பார்த்தவர் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். எழுதியவரே பார்த்தவராக இருக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

எல்லாத் துண்டுகளையும் சேர்த்து மென்பொருளாக்கும் பில்டு தான் இல்லாமல் ஓடக் கூடாது என்றுதான் இத்தனையும் செய்கிறார் என்று நினைத்தேன். உங்களில் சிலரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

லோடு எடையைக் கணக்கிடும் பேக்கேஜை அவரே எழுதினார். "ஏனுங்க சரவணன், இத ஒருக்கா பாத்துக் குடுங்க. நீங்கதான் எதையும் லேசுல நம்ப மாட்டீங்க" என்றார். நாளைக்குத் தப்பு வந்தால் என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று தோன்றியது. "பாக்கலாங்க" என்று நழுவினேன். அவசரத்தில் அது யாரும் பார்க்காமலே மென்பொருளுக்குள் போனது. அவர் பல முறை கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

காரியம் முடிந்த மறுநாள், புதுக் கணினி ஒன்றில் அவருடைய குறிப்பை வைத்து பில்டை ஓட்டினேன். எங்காவது நிற்கும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. யார் வேண்டுமானாலும் ஓட்டும்படி எழுதி வைத்திருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

பட்டியலில் பார்த்தவர் பெயர் இல்லாமல் இருந்தது அவருடைய பேக்கேஜ் மட்டும்தான். பக்கத்தில், "எழுதியது நான். இன்னும் யாரும் பார்க்கவில்லை. சரவணன் பார்ப்பார்" என்று இருந்தது.

வரி வரியாகப் படித்தேன். காலி லாரியின் எடையைக் கழிக்காமல் விடும் இடம் ஒன்று அகப்பட்டது. காட்டியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். அழுதுகொண்டே திருத்தினேன்.

திருத்தியதால் நானும் எழுதியவனாகிவிட்டேன். அவர் சட்டப்படி என் பெயரை அங்கே போட முடியாது. அவருடைய பட்டியலையும் அந்தச் சட்டத்தையும் நான் வைத்துக்கொள்கிறேன். அந்த இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. ஏனுங்க, உங்களில் யாராவது ஒருக்கா பாத்துக் குடுங்க.