இரண்டாம் பாகத்தில் அருள்பிரகாசத்தின் கை

அருள்பிரகாசம் கடலுக்குப் போகிறவர் அல்ல. பதினான்கு வயதில் அப்பாவின் படகில் மூன்று நாள் போனார், மூன்று நாளும் வாந்தி எடுத்தார். கரைக்கு வந்ததும் அப்பா காசிமேட்டு மார்க்கெட்டில் ஒரு வெட்டுக்கட்டையைக் காட்டி, உனக்கு இதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். முப்பத்தெட்டு வருடமாக அதே இடத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் வாங்கி வரும் மீனை வெட்டிக் கொடுக்கிறார். கட்டை மட்டும் நாலு தடவை மாறியிருக்கிறது.

ஒவ்வொரு மீனிலும் கத்தியை இறக்கும் முன், அதன் நுனியால் மேலே சின்னதாக ஒரு சிலுவை போடுவார். ஒரு வருடம் இடது சுண்டுவிரலின் நுனி போனது. அதற்குப் பிறகு தானாக வந்த பழக்கம். கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். மீன் வெட்டக் கொடுப்பவர்கள் கையைப் பார்ப்பதில்லை. மீனைப் பார்ப்பார்கள், தலையும் சினையும் குறையாமல் பைக்குள் வருகிறதா என்று பார்ப்பார்கள்.

அவர் கையை முதலில் பார்த்தவன் அலெக்ஸாண்டர். ராயபுரத்தில் அதே தெருவில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் சிலுவையம்மாளின் ஒரே மகன். சினிமாவில் உதவி இயக்குநர். ஒருநாள் கட்டைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தான்.

“மாமா, படத்துக்கு ஒங்க கை வேணும்.”

“மீதிய இன்னாடா பண்றது?”

“மீதி வூட்லயே கெடக்கட்டும்.”

படம் ‘உப்புக்கத்தி’யின் இரண்டாம் பாகம். முகமூடி போட்ட ஒருவன் வரிசையாக ஆட்களை வெட்டிக்கொண்டே போகிற கதை. முதல் பாகம் நன்றாக ஓடியிருந்தது. நடிகருக்குக் கத்தி பிடிக்க வரவில்லை, ஆகவே கையை மட்டும் கிட்டத்தில் எடுக்க ஒரு தேர்ந்த கை தேவைப்பட்டது. எண்ணூர்ப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு கிடங்கில் ரப்பரில் செய்த உடம்பைப் படுக்க வைத்திருந்தார்கள். அருள்பிரகாசத்துக்குக் கறுப்புக் கையுறை மாட்டி, வெட்டுங்க என்றார்கள். மூன்று தடவை எடுத்தார்கள். மூன்று தடவையும் சுத்தமாக வெட்டினார். இயக்குநர் கைதட்டினார்.

அலெக்ஸாண்டர் அவரை ஓரமாக இழுத்தான். “மாமா, சிலுவ போட்டுட்ட.”

“எங்கடா?”

“நெஞ்சு மேல. மூணு தபாவும்.”

அருள்பிரகாசத்துக்கு நினைவே இல்லை. திரும்ப எடுக்கலாம் என்று அலெக்ஸாண்டர் கெஞ்சிப் பார்த்தான். அதுதான் படமே, உன் யோசனை பிரமாதம் என்றார் இயக்குநர். வண்டி ஏறும்போது அருள்பிரகாசம் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான்தான்னு யாருக்கும் தெரிய வாணாம்டா.”

“எம் மேல ஆணையா சொல்ல மாட்டேன், போ மாமா.”

அவன் சொல்லவில்லை. அதுதான் பிறகு தொல்லையாகிப் போனது.

தியேட்டரில் அந்தக் காட்சி கண்ணிமைக்கும் நேரம்தான் வந்தது. மீதியைத் தணிக்கையில் வெட்டியிருந்தார்கள். ஆனாலும் சண்டை வந்தது. முதல் பாகத்தைக் கெடுத்துவிட்டான் என்று ஒரு கூட்டம், முதல் பாகத்தைவிட ஒரு படி மேலே என்று ஒரு கூட்டம். மார்க்கெட்டில் பக்கத்தில் ஐஸ் உடைக்கிற சௌக்கத் அலி முதல் கூட்டம்.

“மொத பார்ட்ல அவன் ஏன் குத்துறான்னு ஒண்ணியும் தெரியாது. அதான் மாமு பயம். இதுல அவனுக்கு அம்மா, ஆயா, அனாத ஆசிரமம் அல்லாத்தையும் வுட்டு அழ வெச்சிட்டானுங்க. கொலகாரன் அழுதா நான் ஏன்யா பயப்படணும்?”

அருள்பிரகாசம் தலையை நிமிர்த்தாமல் செதில் சீவிக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் கழித்துப் படம் ஓடிடி வழியாக வீட்டுக்கு வந்தது. வெட்டப்பட்டதெல்லாம் திரும்பச் சேர்ந்து, முழு நீளத்தில். இப்போது சிலுவை நிதானமாக விழுந்தது. கறுப்புக் கை, கத்தி முனை, மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். எவனோ அந்த இடத்தில் படத்தை நிறுத்திப் பிடித்துப் பங்குக் கோயிலின் வாட்ஸப் குழுவில் போட்டான். கீழே யாரோ கேட்டிருந்தார்கள்: நம்ம பங்குப் பையன் வேலை பார்த்த படம்தானே இது?

அந்தத் தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஓர் அன்பியம் உண்டு. புதன்கிழமை சாயங்காலம் வரிசைப்படி ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்வார்கள். முழங்கை உயர மாதா சுரூபம் ஒன்று அந்தந்த வாரம் அந்தந்த வீட்டில் தங்கும். அந்த வாரம் சிலுவையம்மாளின் முறை. அவள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, சுண்டலுக்குக் கடலை ஊறப்போட்டிருந்தாள். அன்பியத் தலைவர் ஞானம் சுரூபத்தை அவள் வாசலைத் தாண்டி எடுத்துக்கொண்டு போய் அருள்பிரகாசத்தின் வீட்டில் வைத்தார்.

“இன்னாண்ணே, அக்கா மொறயாச்சே?” என்றார் அருள்பிரகாசம்.

“கர்த்தரோட அடையாளத்த போட்டு கழுத்தறுக்க எவன் சொல்லிக் கொடுத்தானோ, அவன் ஆத்தா வூட்ல மாதா எப்டிப்பா இருப்பா?”

மனைவி டெபோரா மெழுகுவர்த்தி தேடி உள்ளே போனாள். செபமாலை முழுவதும் அருள்பிரகாசம் மணியை உருட்டிக்கொண்டிருந்தார், வாய் அசைந்தது. இரண்டு வீடு தள்ளி ஊறிக்கொண்டிருக்கும் கடலையைத் தவிர வேறு எதுவும் மனதில் ஓடவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் திருவிழாவில் மாதா சப்பரம் தூக்குகிற எட்டுப் பேரில் அவர் ஒருவர். சொன்னால் அந்த இடம் போய்விடும். அது அப்பாவிடமிருந்து வந்தது. கடல் ஒத்துக்கொள்ளாத மகனுக்கு அப்பா விட்டுப்போனது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் பங்குச் சாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“அந்த அம்மாகிட்ட நேரா போய்ச் சொல்லுங்க. அதுதான் பரிகாரம்.”

“சரி சாமி.”

சரி என்றாரே தவிர, போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு பிரசங்கத்துக்குக் காத்திருந்தார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் உயிர் போனாலும் வெளியே விடக்கூடாது என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்தவர்தான். இருந்தாலும், ஒருவரையும் அவசரப்பட்டுத் தீர்ப்பிடாதீர்கள் என்கிற மாதிரி பொதுவாக ஒரு வார்த்தை விழலாம் இல்லையா? விழவில்லை. சாமியார் கோயில் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசினார். பின்வரிசையில் சிலுவையம்மாளுக்குப் பக்கத்து இடம் யாரும் உட்காராமல் காலியாகவே இருந்தது. அடுத்த சனிக்கிழமையும் போனார், அதையே சொன்னார். “இதத்தான் போன வாரம் சொன்னீங்க,” என்றது தடுப்புக்கு அந்தப் பக்கக் குரல். “அவங்ககிட்ட போனீங்களா?”

மார்க்கெட்டில் சிலுவையம்மாள் இரண்டு தடவை எதிரில் வந்தாள். “அருளு, எம் புள்ள அப்டி செஞ்சிருப்பானா, நீயே சொல்லு. வெளியூர் ஷூட்டிங்ல கீறான், ஃபோன்ல கேட்டா, வுடும்மான்றான். யார காப்பாத்துறான்னு தெரியல.” அவர் அவளுடைய சங்கரா மீனைக் காசு வாங்காமல் வெட்டிக் கொடுத்தார். அவள் கண் கலங்கிப்போய், நீ ஒருத்தன்தான் என்றாள்.



அப்புறம்தான் டிஸ்க் வந்தது. வாங்கிச் சேர்த்து வைக்கும் ரசிகர்களுக்கென்று தனியாகப் போட்டது. படம் எடுத்த விதமும் அதில் இருக்கிறதாம். பிடிக்காத படத்துக்குச் சௌக்கத் அலி டிஸ்க்கும் வாங்கினார். ஏன் பாய் என்றால், திட்டறதுக்கு ஆதாரம் வேணும் இல்ல என்றார். அருள்பிரகாசம் தானாகவே கேட்டார்: “நானும் பாக்கட்டா?” அதில் தன் முகம் வந்துவிடும் என்று நினைத்தார். வரட்டும் என்றும் நினைத்தார். வாயைத் திறக்காமலே முடிந்துபோகும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சௌக்கத் அலியின் வீட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். கிடங்கு வந்தது, ரப்பர் உடம்பு வந்தது. கேமராவுக்குப் பின்னால் முதுகைக் காட்டி ஒருவர் குனிந்திருந்தார், அரை நிமிடம். முகம் வரவில்லை. பிறகு இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்து பேசினார்: “எல்லாரும் கேக்கற அந்தச் சிலுவை என் ஐடியா இல்ல. என் உதவி இயக்குநர் அலெக்ஸாண்டர் கொண்டு வந்தது. பாராட்டு அவனுக்குத்தான்.”

பெருந்தன்மையாகச் சொன்னார். முகமெல்லாம் சிரிப்பு.

சௌக்கத் அலி ரிமோட்டால் நிறுத்தினார். திரும்பவில்லை.

“இத்தினி வருசமா பக்கத்துல ஒக்காந்துகினுகீறேன். ஒங் கை எனக்குத் தெரியாதா மாமு? தியேட்டர்லயே தெரியும்.”

அருள்பிரகாசம் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். “ஏன் பாய் சொல்லல?”

“நான் இன்னாத்துக்கு சொல்லணும்? நீயா சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன். பாத்துகினே இருக்கறேன்.” டிஸ்க்கை வெளியே எடுத்தார். “படந்தான் கேவலம்னு நெனச்சேன்.”

அருள்பிரகாசம் எழுந்தார். வீட்டுக்குப் போகவில்லை. சிலுவையம்மாள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் நின்றபடியே சொன்னார். கிடங்கு, கையுறை, மூன்று தடவை, ஆணை எல்லாவற்றையும். அவள் காம்பு உருவிக்கொண்டே கேட்டாள். கடைசியில் கை நின்றது.

“எம் புள்ளைய ஊரே காறித் துப்புது. நீ எனக்கு மீனு ஓசில வெட்டிக் குடுத்தே.”

“அக்கா...”

“அக்கா நொக்கான்னே, வாயில வந்துரும். ஒக்காராத. நின்னுகினே கேளு. வர்ற புதன்கெழம மாதா எம் வூட்டுக்கு வரணும். அங்க வெச்சு எல்லாரும் கேக்க இத்தச் சொல்ற.”

“சொல்றேன்கா. கண்டிப்பா சொல்றேன்.”

“யாரு வருவா? ஞானம் வருவானா? நான் போய்க் கூப்ட்டா கதவு தொறக்க மாட்டாளுங்க. நீ போ. அன்பியத்துல கீற பதினேழு வூட்டுக்கும் நீயே போய்க் கூப்டு. இப்பவே.”

ஒரே ஒரு தடவை, எல்லோருக்கும் சேர்த்து, தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். தெருவில் இறங்கினார்.

முதல் வீடு ஞானத்தின் வீடு. பனியனோடு வெளியே வந்தார்.

“புதன்கெழம செபமால சிலுவையக்கா வூட்லண்ணே.”

“யார் சொன்னது?”

“நான்தான்.”

“நீ யாருப்பா சொல்றதுக்கு? அவங்க வூட்ல இன்னாத்துக்கு?”

அருள்பிரகாசம் சொன்னார். எண்ணூர் என்றார், ரப்பர் என்றார், பழக்கம் என்றார். ஞானத்துக்குப் பாதி புரிந்தது, மீதியை நம்ப முடியவில்லை. சப்பரம் தூக்கும்போது இவருக்கு முன்னால் தண்டு பிடிப்பவர் அவர். கதவைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் இவர் கையையே பார்த்தார். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

“ஏ, அடுப்ப அணைச்சிட்டு வா. அருளு இன்னாமோ சொல்றான் பாரு.”

அவர் மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். பின்னால் மருமகளும் வந்தாள்.

“ம்,” என்றார் ஞானம். “மொதல்லேர்ந்து சொல்லு.”