அரைப்பல்லுக் கத்தி

இந்தக் கத்தியோட பல்லு சந்துல ஒரு பச்ச நூலு மாட்டிக்கிட்டு இருக்கு. பிளாஸ்டிக் நூலு. வீட்டு முன்னால அக்காவோட செடிங்களுக்கு மேல கட்டியிருக்கிற நிழல் வலையில இருந்து வந்தது. அக்கா காய்ச்சல்னு படுக்கிறதுக்குக் கொஞ்சம் முந்தி அந்த வலைய இந்தக் கத்தியாலதான் அறுத்தா. அறுத்து முடிக்கிற வரைக்கும் கத்தியத் திட்டிக்கிட்டே இருந்தா. அதுக்கப்புறம் அவ எதையும் அறுக்கல. சாதாரண காய்ச்சல்னு நினைச்சோம், டெங்கின்னு சொன்னாங்க, அப்புறம் ஆஸ்பத்திரியில இருந்து அவள வண்டியில ஏத்தித்தான் கொண்டு வந்தோம். எனக்கு ஒரே அக்கா. அப்பா முன்னாடியே போயிட்டாரு. இப்ப லாபு ஊர்ல இந்த வீட்டுல அம்மாவும் நானும் மட்டும்தான்.

அக்காவுக்கு மடக்குக் கத்தின்னா உசுரு. பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி கத்தின்னு அம்மா கேக்காத நாளே இல்ல. நீலாய்ல ஒரு கிடங்குல வேல பாத்தா, பெட்டி பிரிச்சு அடுக்குற வேல. கம்பனி குடுக்கிற கட்டர் அடிக்கடி உடையுதுன்னு சொந்தமா ஒரு சின்னக் கத்தி வாங்குனா. அங்க ஆரம்பிச்சது. அப்புறம் போன்ல ஒரு குரூப்ல சேந்துட்டா. எல்லாரும் கத்திப் பைத்தியம். ஞாயித்துக்கெழமயானா அம்பாங்கான்ல மாமாக்னு சொல்ற ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில கூடுவாங்க. ஒரு பல்லு டாக்டரு, லோரி ஓட்டுற ஒரு அண்ணன், இன்னும் ரெண்டு மூணு பேரு, நடுவுல எங்க அக்கா. மேசையில துண்டு விரிச்சு, அவங்கவங்க கத்திய வரிசையா வச்சு, தே தாரேக் டீ குடிச்சுக்கிட்டே பேசுவாங்க. கடக்கார பாய் வந்து, "யம்மா, உள்ள வைங்கம்மா, ரொட்டி சாப்பிட வந்தவன் எல்லாம் காசு குடுக்காமலேயே ஓடிருவான்"னு கெஞ்சுவாரு. ஒரு தடவ என்னையும் கூட்டிட்டுப் போயிருந்தா. கல்யாண வீட்டுல நகை பாக்குற மாதிரி பாக்குறாங்க. எடுத்துத் திருப்பி, வெளிச்சத்துல காட்டி, தொறந்து மூடி, காது கிட்ட வச்சு சத்தம் கேட்டு. எனக்கு சிரிப்பு அடக்க முடியல.

அவ பொறந்த நாளுக்கு நான் வாங்கிக் குடுத்ததுதான் இந்த அரைப்பல்லு. பாசார் மாலாம்ல, அந்த ராத்திரிச் சந்தையில, விளக்கு வெளிச்சத்துல பளபளன்னு கெடந்துச்சு. கருப்பு அலகு, பாதி வழவழன்னு, பாதி ரம்பம் மாதிரி பல்லு. பட்டன அழுத்துனா பட்டுன்னு தொறக்கும். முதுகுல பாட்டில் மூடி தொறக்க ஒரு கொக்கி. பிடியோட அடியில கண்ணாடி உடைக்க ஒரு முள்ளு. பாக்கெட்ல மாட்டுற கிளிப்புல மண்டை ஓடு படம். அத விட என்ன வேணும்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்து மேசையில வச்சேன். எங்க வீட்டுல கத்திய கையில இருந்து கைக்குக் குடுக்க மாட்டோம். குடுத்தா சண்ட வரும்னு அம்மா விட மாட்டாங்க. வச்சிட்டு கையெடுக்கணும், அப்புறம் அடுத்தவங்க எடுத்துக்கணும். அக்கா எடுத்தா. தொறந்தா. பாத்தா.

"எல்லாமே இருக்கு லா இதுல"ன்னேன்.

"அதான்டா பிரச்சன"ன்னா.

அப்புறம் சிரிச்சு என் தலையில ஒரு குட்டு வச்சா. அந்த ஞாயித்துக்கெழமயே அதக் கொண்டு போயி மேசையில வச்சிருக்கா. பல்லு டாக்டரு, "இந்தப் பல்ல எல்லாம் நான் புடுங்கியே ஆகணும், தங்கச்சி"ன்னு சொன்னாராம். லோரி அண்ணன், "இத வாங்குனவன் கண்ணாடி போடணும்"னாராம். அக்காவே வந்து எனக்கு சொல்லி சொல்லி சிரிச்சா.

ஏன் அவங்களுக்குப் பிடிக்கலன்னு அவ எனக்கு எவ்வளவோ தடவ சொல்லியிருக்கா. கையில அதிக பலம் கெடைக்கிறது பிடிக்குப் பக்கத்துல இருக்கிற அலகுப் பகுதியிலதான். அங்க போயி பல்லு வச்சிருக்கான். மிச்சம் இருக்கிற வழவழப்பு, ஒரு மாங்கா சீவக்கூட பத்தாது. மழுங்குனா வழவழப்பக் கல்லுல தீட்டலாம், பல்ல எத வச்சுத் தீட்டுறது. கருப்புப் பெயிண்டு ரெண்டு மாசத்துல சொறி புடிச்ச நாய் மாதிரி ஆயிரும். மோட்டார் சைக்கிள்ல உக்காந்தா அந்த முள்ளு தொடையில குத்தும். அவளுக்குப் பிடிச்ச கத்தி வேற. மரப்பிடி, சின்ன அலகு, வேற ஒண்ணுமே கெடையாது. கிளிப்பு இல்ல, பட்டன் இல்ல, பூட்டுக்கூட இல்ல. ரெண்டு கையாலதான் தொறக்கணும். நான் அதப் பாத்து, "பென்சில் சீவுறதுக்கா அக்கா?"ன்னு கேப்பேன். "உனக்குத் தெரியாதுடா"ம்பா. எனக்கு உண்மையிலேயே தெரியல. நான் தோட்டத்துல உர மூட்ட பிரிக்கிறவன். கையில உறை, வேர்வ, மண்ணு. ஒரு கையில மூட்ட, இன்னொரு கையில கத்தி. பட்டன் இல்லன்னா எனக்குக் கத்தியே இல்ல. மூட்டைய அறுக்க ரம்பம்தான் வேணும், வழவழப்பு வழுக்கிட்டுப் போகும். பூட்டு இல்லாத கத்தி என் விரலத்தான் மொதல்ல அறுக்கும். அவ கிடங்குல உக்காந்து நிதானமா ஒரு டேப்ப ஒரே இழுப்புல நேராப் பிரிப்பா. அவ கைக்கு அது சரி, என் கைக்கு இது சரி.

வேல மட்டும் இல்லன்னு இப்ப தோணுது. ஆளும் அப்படித்தான். அக்கா சோறு தின்னா, சோறு ஒரு பக்கம், கறி ஒரு பக்கம், கீர ஒரு பக்கம், ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. நான் எல்லாத்தையும் போட்டுப் பெசஞ்சு, மேல அப்பளத்தையும் நொறுக்கிப் போட்டுத் தின்பேன். "பன்னி கூட பாத்து முகம் சுளிக்கும்டா"ம்பா. அவ கட்டுறது பூவே இல்லாத சேல. எனக்கு சட்டையில புலி இருக்கணும். ஒரே வீட்டுல, ஒரே அம்மா கையில வளந்தோம். எப்படி இப்படி ஆனோம்னு தெரியல. அவளுக்கு ஒரு பொருள்ல எதையெல்லாம் எடுத்துட்டாலும் அது நிக்குதான்னு பாக்கணும். எனக்கு இன்னும் என்ன சேக்கலாம்னு பாக்கணும்.

அவளக் கொண்டு வந்த அன்னிக்கு வீடு நெறஞ்சு கெடந்துச்சு. பொட்டியில படுக்க வச்சிருந்தோம். அந்தப் பூ இல்லாத சேல ஒண்ணத்தான் கட்டியிருந்தாங்க. அம்மா அழுதழுது கொரலே போயிருச்சு. என்னக் கூப்பிட்டு, "அவளுக்குப் பிடிச்ச கத்தி ஒண்ண கூட வச்சு அனுப்புய்யா. எதுன்னு உனக்குத்தான் தெரியும்"னாங்க. காரியம் செய்ய வந்த பண்டாரத்துக்கிட்ட இரும்பு வைக்கலாமான்னு கேட்டேன். "மண்ணுக்குத்தான தம்பி போகுது, வைங்க"ன்னாரு.

அக்காவோட அலமாரியத் தொறந்தேன். துணியில சுத்தி எல்லாம் வரிசையா இருந்துச்சு. மரப்பிடி மொதல்ல. அரைப்பல்லு அங்க இல்ல. தேடுனா, வாசல்ல செடித்தொட்டி மேல கெடக்கு, அவ வச்ச எடத்துலயே, பல்லுல பச்ச நூலோட. ரெண்டையும் ரெண்டு கையில வச்சிக்கிட்டு நின்னேன். எனக்கு ஆச, நான் குடுத்தது அவளோட போகணும்னு. அவ கடைசியா தொட்டது அதான். திட்டுனாலும் உள்ளுக்குள்ள அவளுக்கு அது பிடிச்சிருக்கும்னு என் மனசு சொல்லுது. வேலிகிட்ட பல்லு டாக்டரும் லோரி அண்ணனும் நின்னுக்கிட்டு இருந்தாங்க. லோரி அண்ணன் கண்ணத் தொடச்சிக்கிட்டே இருந்தாரு. நான் நேராப் போயி அரைப்பல்லக் காட்டி கேட்டேன். "உண்மைய சொல்லுங்கண்ணே. அக்காவுக்கு இது கொஞ்சமாவது பிடிச்சிருந்துச்சா?"

டாக்டரு லோரி அண்ணனப் பாத்தாரு. அப்புறம் என்னப் பாத்து, "இல்லப்பா. பிடிக்கல. கடைசி வரைக்கும் பிடிக்கல"ன்னாரு.

லோரி அண்ணன்தான் சொன்னாரு, "ஆனா வாராவாரம் கொண்டு வருவா தம்பி. மேசையில வைப்பா, அவளே திட்டுவா. நாங்க கூடச் சேந்து திட்டுனா கோவம் வந்துரும். 'போதும் லா, எந்தம்பி வாங்குனது, நான் மட்டும்தான் திட்டுவேன்'ம்பா. ஒருத்தன் அதுக்கு மாத்தா நல்ல கத்தி ஒண்ணு தரேன்னான். அவன்கூட அப்புறம் அவ பேசவே இல்ல."

அங்கயே உக்காந்து அழுதேன். கத்தி அவளுக்குப் பிடிக்கல. அத நான் மாத்த முடியாது. செத்துப் போனவளுக்குப் பிடிச்சிருந்துச்சுன்னு நானா சொல்லிக்கிட்டு, அவ வேணாம்னதப் பொட்டிக்குள்ள வச்சா, அது அவளுக்கு செய்யிறது இல்ல, எனக்கு செஞ்சுக்கிறது. அவ அங்க போயும் தொடையில முள்ளு குத்துதுன்னு திட்டிக்கிட்டே கெடப்பா.

மரப்பிடியத்தான் எடுத்துட்டுப் போனேன். அவ வெரலு ஜில்லுன்னு மடங்கியிருந்துச்சு. கையில வச்சு மூடுங்கன்னு பக்கத்துல யாரோ சொன்னாங்க. எனக்கு முடியல. கத்திய எங்க வீட்டுல கைக்குக் கை குடுக்க மாட்டோம். அவ கைக்குப் பக்கத்துல சேல மடிப்பு மேல வச்சேன். வச்சிட்டு கையெடுத்தேன். எடுத்துட்டு, பழக்கத்துல, அவ எடுத்துக்கட்டும்னு நின்னேன். எல்லாரும் நான் நகருவேன்னு பாக்குறாங்க. நான் நிக்கிறேன். அம்மாதான் என் தோளப் புடிச்சு இழுத்தாங்க. அப்புறம்தான் பொட்டிய மூடுனாங்க.

இப்ப அரைப்பல்லு எங்கிட்ட இருக்கு. தெனமும் தோட்டத்துக்குக் கொண்டு போறேன். அக்கா சொன்ன மாதிரியே பெயிண்டு சொறி புடிச்சிருச்சு. பச்ச நூலு போயிரக் கூடாதுன்னு பல்லுப் பக்கம் படாம, முன்னால இருக்கிற வழவழப்பால மட்டும் மூட்டைய அறுக்கிறேன். வழுக்குது, நிக்க மாட்டேங்குது, இம்மாத்துண்டு அலக வச்சிக்கிட்டு ஒரு மூட்டைக்கு மல்லுக்கு நிக்க வேண்டியிருக்கு. கூட வேல செய்யிறவங்க, "பல்லு எதுக்குடா வச்சிருக்கான், அத வச்சு அறு"ங்கிறாங்க. நான் அடுத்த மூட்டைய இழுத்துக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கத்தியத் தொடச்சு, சாப்பாட்டு மேசையில அவ உக்கார்ற பக்கமா வைக்கிறேன். "நீ சொன்னது சரிதான் லா அக்கா, பத்தல"ங்கிறேன். வச்சிட்டு கையெடுத்துர்றேன். அம்மா சோறு போடுவாங்க, பெசஞ்சு சாப்பிடுவேன். அப்புறம் நானே கத்திய எடுத்துக்கிறேன்.