விசிறிக்கு முளைத்த மீசை

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். உண்மையில் ஒரே ஒருவனுக்குத்தான் அண்ணி. அவளைப் போலவே கணவனின் தம்பியும் அங்கே மெக்கானிக்காக இருந்தான். அவன் வாயிலிருந்து கிளம்பிய சொல் பட்டறை முழுக்கத் தொற்றிக்கொண்டது. அவள் அப்பா வயதுள்ள காவலாளிகூட, "அண்ணி வந்தாச்சு" என்றுதான் கேட்டைத் திறப்பார்.

ஏணியிலிருந்து விழுந்து கொழுந்தன் முட்டியை உடைத்துக்கொண்ட பிறகு, அவனால் மாடியேற முடியவில்லை. ஆள் வீட்டில், வாய் மட்டும் வேலைக்கு வந்தது. முதலில் போனில்.

"சிவப்பு வயரைக் கழட்டுங்க அண்ணி."

"எந்தச் சிவப்பு? இங்க ஒரு கூட்டமே நிக்குது."

பிறகு வீடியோ கால். ஒரு கையில் போன், மறு கையில் ஸ்பேனர், வாயில் டார்ச். வாயில் டார்ச் இருந்தால் கொழுந்தனைத் திட்ட முடியாது. அதுதான் அவளுக்குப் பெரிய குறை.

அப்புறம் கம்பெனி ஒரு ஏ.ஆர். கண்ணாடியைச் சோதனைக்கு வாங்கியது. அதை மாட்டிக்கொண்டு அவள் பார்ப்பதையெல்லாம் கொழுந்தன் வீட்டிலிருந்தே டேப்லெட்டில் பார்ப்பான். அதில் அவன் விரலால் ஒரு அம்புக்குறி போட்டால், அவள் கண்ணெதிரே அந்தத் திருகாணியின் மேலேயே போய் ஒட்டிக்கொள்ளும். தலையைத் திருப்பினாலும் நகராது. பத்து நாள் கழித்து வந்தாலும் அங்கேயே இருக்கும், கண்ணாடி போட்டவர் கண்ணுக்கு மட்டும்.

அம்பு போடப் பழகிய விரல் சும்மா இருக்குமா? அவள் அடிக்கடி போகும் ஒரு பழைய கட்டடத்து மோட்டார் அறையில் கண்ட்ரோல் பெட்டிக்கு இரண்டு கொம்பு முளைத்தது. அவள் உட்கார்ந்து சாப்பிடும் திட்டில், 'அண்ணி சிம்மாசனம்'. மோட்டாருக்குக் காற்றடிக்கும் விசிறிக்கு முறுக்கிய மீசை. அதன் கீழே, 'மேனேஜர். சத்தம் உண்டு, காத்து வராது.' வாசகம் அண்ணியுடையது. பேச்சுவாக்கில் சொன்னதை அவன் எழுதியே விட்டான்.

சோதனையின் கடைசி நாள் வந்தது. மேனேஜர் பார்த்துத் தலையாட்டினால் கண்ணாடி தங்கும், கொழுந்தன் வேலையும் தங்கும். உதட்டைப் பிதுக்கினால் இரண்டுக்கும் ஒரே கும்பிடு. ஆபீசிலேயே காட்டிவிடலாம் என்று அண்ணி ஒரு மோட்டாரைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தாள். சரியாக அப்போதுதான் அந்தப் பழைய கட்டடத்தில் லிஃப்ட் நின்றது.

"நல்லதாப் போச்சு. வாங்கண்ணி, அங்கயே போய்ப் பாத்துடலாம்" என்று மேனேஜர் வண்டிச் சாவியை எடுத்தார்.

படியேறும்போது அவள் கையில் மடக்கி வைத்திருந்த கண்ணாடியின் மைக்கில் கிசுகிசுத்தாள். "தம்பி, வீட்டைக் கூட்டி வைங்க. விருந்தாளி வர்றாங்க."

"என்னால குனிய முடியாதே அண்ணி. அண்ணன் வந்து கூட்டட்டும்."

"அந்த வீடு இல்ல!"

"வேற வீடா? அண்ணனுக்குத் தெரியாம வாங்கிட்டீங்களா?"

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். அவள் இருமிக்கொண்டே கண்ணாடியை அணைத்தாள்.

மோட்டார் அறை வாசலில் அவர் கையை நீட்டினார். "குடுங்க, நானே போட்டுப் பாக்கறேன்."

மறுபடி இயங்கிய கண்ணாடி அவர் மூக்கில் ஏறியது. தலை பெட்டிப் பக்கம் போனது, திட்டுப் பக்கம் போனது, விசிறியிடம் வந்து நின்றது. லிஃப்ட் நின்றாலும் விசிறி மட்டும் கடமை தவறாமல் இரைந்துகொண்டிருந்தது.

கண்ணாடியின் ஸ்பீக்கரில் கொழுந்தன் குரல் கணீரென்று வந்தது. "என்ன அண்ணி, மீசையையே பாத்துட்டு நிக்கறீங்க? அந்தாள் வர்றதுக்குள்ள அழிச்சுடவா?"

"அந்தாள் வந்தாச்சு" என்றார் மேனேஜர்.



"சார், எழுதினதுதான் தம்பி. சொன்னது நான்" என்றாள் அண்ணி. "போறதுன்னா என் வேலை போகட்டும்."

அவர் குனிந்து அம்புகளைப் பார்த்தார், மறுபடி மீசையைப் பார்த்தார். "அம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அடுத்த வாரம் முதலாளி பாக்க வர்றார்."

முதலாளி அவருக்கு மாமனார், நரைத்த மீசைக்காரர். வீட்டிலும் மாமனார் சத்தம்தான் என்பது ஊரறிந்த கதை.

"தம்பி, மேனேஜர்ங்கறதை அழிச்சுட்டு முதலாளின்னு போடுங்க. அவர் வர்ற அன்னைக்கு மட்டும் சுத்தமா இருக்கணும். உங்களால முடியும்ல?" என்றார் மேனேஜர்.

"அன்னைக்கு நான் வேலைல இருந்தா முடியும் சார்."

"இல்லாம? இதை வேற யாரை நம்பிக் குடுக்கறது?"

அடுத்த நொடி மேனேஜர் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. வெறும் கண்ணோடு நின்ற அண்ணிக்கு வெறும் விசிறிதான் தெரிந்தது.

"என்ன சார்?"

"மீசைக்கு வெள்ளையடிச்சுட்டார், அண்ணி."